துண்டுத் தோலில் ஒரு தடவை

குடை வாங்கப் போன இடத்தில், கடைக்காரரையே அந்தக் குடையோடு ஒரு நிமிடம் மழையில் நிற்கச் சொன்ன மனிதர் ஒருவரை எனக்குத் தெரியும். மாத்தளை டவுனில், பட்டப்பகலில், நான் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொன்னார். கடைக்காரர் என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே போய் நின்றுவிட்டு நனையாமல் திரும்பி வந்தார். நம்மவர் குடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு, இதே மாதிரி வேறொன்று தரும்படி கேட்டார்.

"ஏன் அண்ணே, இதுவே நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"இது பாத்த குடை தம்பி. பாக்கிறதுக்கு ஒண்ணு, பாவிக்கிறதுக்கு ஒண்ணு."

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எப்படியும் வாசித்துவிட்டு, "மொதல்ல வேற யாரப் பத்தியாச்சும் எழுதிப் பாத்தீங்களா?" என்று கேட்பார். நான் எழுதிப் பார்க்கவில்லை. அந்தக் குறை எனக்கு எதற்கு?

பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் அவர். அப்போது நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. பொழுதுபோக்கு, தோல் வேலை. கவுண்டருக்கு அடியில் இருமல் பாணிப் போத்தல்களோடு போத்தல்களாக ஊசி, மெழுகு, நூல், குத்தூசி, கத்தி எல்லாம் இருக்கும். ஆள் வராத நேரத்தில் தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு தைக்கத் தொடங்கிவிடுவார். அந்தக் கண்ணாடியைப் போட்டால் கைக்கு எட்டிய தூரம் பளிச்சென்று தெரியும். அதற்கு அப்பால் மனிதரும் மரமும் அவருக்கு ஒன்றுதான். ஒருமுறை கடை வாசலில் நின்ற மாட்டிடம் மருந்துத் துண்டுச் சீட்டுக் கேட்டார்.

நான் கந்தோரில் கிளார்க். பிரஷர் ஏறியபோது டாக்டர் மாத்திரையும் எழுதி, "போனை வச்சிட்டுக் கையால ஏதாவது செய்யுங்க" என்றும் சொல்லிவிட்டார். மாத்திரை வாங்க நான் எடுத்து நீட்டிய பேர்ஸ் வாய் கிழிந்து நாக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நம்மவர் மாத்திரையை மறந்துவிட்டு பேர்ஸை வாங்கிப் புரட்டினார்.

"இது தோலே இல்ல தம்பி. இது தோலுக்குத் தூரத்துச் சொந்தம்கூட இல்ல" என்றார்.

அன்று எனக்கு இரண்டு உறைகள் கிடைத்தன. மாத்திரை போட்டுக் கொடுப்பார்களே, காலை, பகல், இரவு என்று அச்சடித்த சின்னக் காகித உறை, அதுதான். ஒன்றில் பிரஷர் மாத்திரை. மற்றதில் உள்ளங்கை அளவு துண்டுத் தோலும் இரண்டு ஊசியும். உறையின் மேல், 'நூல்: தைக்கும் நீளத்துக்கு நான்கு மடங்கு. மெழுகு: மூன்று தடவை இழுக்கவும். சாப்பாட்டுக்குப் பிறகு' என்று எழுதியிருந்தார்.

"சாப்பாட்டுக்குப் பொறகு எதுக்கு அண்ணே?"

"பசியோட தைச்சா இழுத்து இழுத்துத் தைப்பீங்க. தோல் சுருங்கிரும்."

அவர் கற்றுத் தந்ததெல்லாம் இப்படி உறை உறையாகத்தான் வந்தது. அந்த உறைகளால் எங்கள் வீட்டில் ஒரு தடவை பெரிய கலவரமே வந்தது. என் சட்டைப் பையில் கிடந்த உறையை என் மனைவி எடுத்து வாசித்திருக்கிறாள். 'முதலில் ஈரத் துணியால் துடைக்கவும். ஐந்து நிமிடம் பொறுத்துக் குத்தவும். ஒரே இடத்தில் இரண்டு தடவை குத்த வேண்டாம். காலை, இரவு.' நான் கந்தோரிலிருந்து வந்தபோது வாசலில் கண்டியிலிருந்து வந்த மச்சான் நிற்கிறார், உள்ளே மனைவி அழுதுகொண்டிருக்கிறாள்.

"என்ன வருத்தம்னு மறைக்காம சொல்லுங்க. ஊசி போடுற அளவுக்கா போயிருச்சு?"

ஈரமாக்கிய தோலில் குத்தினால்தான் ஓட்டை அழகாக விழும் என்பதை அழுகிற பெண்ணுக்கு விளக்குவது சுலபமில்லை. துண்டுத் தோலைக் காட்டி ஒரு தடவை குத்தியும் காட்டினேன். மச்சான் தன் பெல்ட்டுக்கு இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டு ஊருக்குப் போனார்.

ஆனால் நம்மவருடைய மந்திரம் என்னவோ ஒன்றே ஒன்றுதான், மருந்து வாங்க வருகிறவர்களுக்கும் அது மனப்பாடம்: "மொதல்ல துண்டுத் தோல்ல பாருங்க." கத்தி தீட்டினாயா, துண்டுத் தோலில் பார். சாயம் கலந்தாயா, துண்டுத் தோலில் பார். எண்ணெய் போடப் போகிறாயா, ஐயோ, கட்டாயம் துண்டுத் தோலில் பார். நான் அந்த விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கவில்லை. முதன்முதலாகத் தைத்த பேர்ஸ் மினுங்கட்டுமே என்று வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். காலையில் பார்த்தால் பேர்ஸ் கறுத்துப்போயிருந்தது. மேலே எறும்பு ஊர்வலம். இரண்டு வாரத்தில் அதிலிருந்து ஒரு சிக்கு வாடை. கந்தோரில் நான் பணத்தை எடுக்கும்போதெல்லாம் பக்கத்து மேசை அம்மா தன் தலையைத் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

கையில் பணமும் வேலையில் ஆசையும் வந்ததும் கருவிகளை வாங்கிக் குவிக்கத்தான் நமக்குத் தோன்றும். அவர் விடமாட்டார். தையல் புள்ளிகள் ஒரே அளவில் விழ வேண்டுமா, சாப்பிடும் முள்ளுக்கரண்டி போதும். கோட்டின் மேல் வைத்து அமுக்கி, முதல் பல்லைக் கடைசிக் குழியில் வைத்து அடுத்ததை அமுக்க வேண்டும். ஒட்டிய ஓரம் நகராமல் இருக்கத் துணி காயப்போடும் கிளிப், ஆனால் நடுவே ஒரு துண்டுத் தோல் வைக்காவிட்டால் கிளிப்பின் பல் பதிந்துவிடும். ஓரத்தை வழவழப்பாக்கத் தண்ணீர் தொட்டு அகப்பைக் காம்பால் தேய்த்தால் சரி. எங்கள் வீட்டு அகப்பையில் காம்பு மட்டும் பளபளவென்று இருப்பதன் காரணம் அதுதான். முள்ளுக்கரண்டி விஷயத்தில் மட்டும் அவரோடு கல்யாண வீட்டுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு மேசையாகப் போய், அங்கிருக்கும் கரண்டிகளைத் தன் பெல்ட்டில் அமுக்கி அமுக்கிப் பார்ப்பார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு வெறும் கையோடு வந்து, "பல்லு ரொம்ப அகலம் தம்பி" என்பார்.

கத்தியைப் பற்றி அவர் சொன்னது என் விரலில் எழுதியிருக்கிறது. "கூரான கத்தி தோல வெட்டும், மொட்டக் கத்தி ஆள வெட்டும்" என்பார். பலகையில் தோல் வார் ஒன்றை ஒட்டி, பித்தளை மினுக்கும் பசையைத் தடவி, கத்தியைப் பின்பக்கமாகப் பத்து இழுப்பு. இரும்பு அடிமட்டம் வைத்து ஒரே வெட்டில் வீரம் காட்டாமல் மெதுவாக மூன்று தடவை இழுக்க வேண்டும். நான் வீரம் காட்டினேன். பிளாஸ்டரும் அவர் கடையில்தான் வாங்கினேன். ஒட்டிவிட்டபடியே, "மெதுவா மூணு தடவ" என்று காயத்துக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

இந்த மனிதர் கவுண்டரின் மிக அடியில், உடுத்துப் பழசான பருத்திச் சாரத்தில் சுற்றி ஒன்று வைத்திருந்தார். அதைத்தான் 'நல்ல தோல்' என்பார். கொழும்பிலிருந்து எடுத்து வந்த அரை மாட்டுத் தோல். தேன் நிறம். மாத்தளை மழைக்குத் தோலைப் பொலித்தீனில் சுற்றினால் பூஞ்சணம் பிடிக்கும் என்று பௌர்ணமிப் போயா தினம் தவறாமல் வெளியே எடுத்து விரிப்பார், உலர்ந்த துணியால் துடைப்பார், சற்றுத் தள்ளி நின்று பார்ப்பார், மறுபடி சுற்றி வைப்பார். ஐந்து வருடம் இப்படி. ஒரு நூலளவுகூட வெட்டியதில்லை. முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது என்று விரலால் எனக்குக் காட்டித் தந்தார். "வாரும் பெல்ட்டும் முதுகுலதான் எடுக்கணும். வயித்துப் பக்கம் இழுபடும், மனுசனுக்கு மாதிரி."

"எப்பண்ணே வெட்டுவீங்க?"

அந்தக் கேள்விக்கு மட்டும் அவர் சிரிக்கவில்லை. "ஒண்ணுதான் தம்பி இருக்கு. கெட்டுப் போச்சுன்னா வேற இல்ல" என்றார். அப்போது அவர் தோலைப் பற்றி மட்டும் சொல்லவில்லை என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

விஷயம் இதுதான். நாவுலயிலிருந்து மாதம் ஒரு தடவை ஒரு டீச்சர் பஸ்ஸில் வருவார். கணக்கு டீச்சர். அவருடைய அம்மாவுக்குச் சீனி வியாதி, பிரஷர் இரண்டும். கிளினிக் கொப்பியை எடுத்து வைத்து, மருந்தை எண்ணி வாங்கி, "சரிங்க, வாறேன்" என்று போய்விடுவார். அவ்வளவுதான். ஆனால் அந்தச் 'சரிங்க'வில் நம்மவர் விழுந்துகிடந்தார்.

"கவனிச்சீங்களா தம்பி? மாத்தளையில அத்தன பொம்பளைங்களும் என்ன அண்ணேன்னுதான் கூப்புடுறாங்க. எழுவது வயசு ஆச்சிகூட அண்ணேங்குது. டீச்சர் மட்டும் இந்த ரெண்டு வருசத்துல ஒரு தடவகூடச் சொல்லல."

ஒவ்வொரு மாதமும் டீச்சர் வாயைத் திறக்கும்போது இவர் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொள்வார். அந்த ஒரு சொல் வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. அண்ணன் என்று கூப்பிட்ட பெண்ணிடம் எந்த முகத்தோடு போய்க் கேட்பது?

டீச்சர் தோளில் மாட்டியிருந்தது ஒரு ரெக்சின் பேக். சுவரில் பெயின்ட் உரிவதுபோல உரிந்துகொண்டிருந்தது. அறுந்த வாரை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். நல்ல தோலில் ஒரு பேக் தைத்து அதைக் கையில் கொடுத்துவிட்டு விஷயத்தைக் கேட்பது என்று நம்மவர் முடிவு செய்தார். தரகர் வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்தார், அதற்கு ஒரு காரணம் உண்டு. முப்பது வயதில் தரகர் ஒருவர் கண்டிப் பக்கம் பெண் பார்க்கக் கூட்டிப்போனாராம். பெண் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினாள். இவர் வாங்கிக்கொண்டு, "நீங்க மொதல்ல ஒரு வாய் குடிச்சுப் பாருங்க" என்றிருக்கிறார். சூடு பார்க்கத்தானாம். பெண் வீட்டார் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தரகரும் இவரும் பிஸ்கட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறினார்கள்.

பேக் வேலை தொடங்கியது. முதலில் பத்திரிகைத் தாளில் வெட்டினார். பிறகு மருந்துப் பெட்டி மட்டையில். அந்த மட்டை பேக்கில் சோற்றுப் பார்சலைப் போட்டுக்கொண்டு ஒரு வாரம் பஸ் ஸ்டாண்ட் வழியாக நடந்தார். பக்கவாட்டில் 'குளிரான இடத்தில் வைக்கவும்' என்று எழுதியிருந்தது. மட்டையில் சரி வந்ததும் ரெக்சின். ரெக்சினில் சரி வந்ததும் துண்டுத் தோல்களை ஒட்டுப்போட்டு ஒன்று. மாதிரியைத் திருப்பிப்போட்டு மறுபக்கம் வெட்ட வேண்டும், மறந்தால் இரண்டும் இடதுபக்கமாகிவிடும் என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவர், முதல் ஒட்டுப் பேக்கில் அவரே இரண்டு இடது வெட்டினார். "பாத்தீங்களா? இதுக்குத்தான் துண்டுத் தோல்" என்று சந்தோஷப்பட்டார். தப்புச் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

தோள் வார் சரியான நீளமா என்று பார்க்க ஒரு தோள் வேண்டும். மாத்தளையில் சும்மா கிடந்த தோள் என்னுடையதுதான். அந்த ஒட்டுப் பேக்கை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குள் மேலும் கீழும் நடந்தேன். குனிந்து நிமிர்ந்தேன். அதுவும் போதவில்லை.

"டீச்சர் பஸ்ஸுக்கு ஓடுவாங்கல்ல தம்பி. ஓடுறப்ப வார் வழுக்குதான்னு பாக்கணும்."

ஓடினேன். பெண்கள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் வரை ஓடி, நாவுல பஸ்ஸின் படியில் ஒரு கால் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், படியில் மேலே என் கந்தோர்த் தலைமைக் கிளார்க் நிற்கிறார். என்னையும் பார்த்தார், பையையும் பார்த்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, வேலைப் பளு கூடிப்போச்சா என்று அன்பாக விசாரித்தார்.

பேச்சும் அப்படியே. டீச்சரிடம் சொல்ல வேண்டியதை அவர் முதலில் என்னிடம் சொல்லிப் பார்த்தார். நான்தான் டீச்சர். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும், கிளினிக் கொப்பிக்குப் பதில் என் கந்தோர் டயரியை வைக்க வேண்டும். முதல் தடவை அவர் சொன்னது: "டீச்சர், என்னக் கட்டிக்கிட்டா வரக்கூடிய பக்க விளைவுகள மொதல்லயே சொல்லீர்றேன். கொறட்ட. தோல் வாசம். சில பேருக்கு எரிச்சலும் வரலாம்."

"நான் மாட்டேன்" என்றேன்.

"டீச்சர் மாட்டேம்பாங்களா?"

"யாராயிருந்தாலும் மாட்டாங்கண்ணே."

ஒரு வாரம் முகம் வாடிக்கிடந்தார். ஒரு மனிதரை நிராகரித்துவிட்ட குற்ற உணர்ச்சி எனக்கு உண்மையாகவே வந்தது. இரண்டாவது தடவை ஜாதகம், மூன்றாவது தடவை சம்பளம், நான்காவது தடவை வானிலை பற்றிப் பேசினார். ஐந்தாவது தடவை ஒன்றும் பேசாமல் எனக்கு விற்றமின் போத்தல் ஒன்றை நீட்டினார். எனக்கு அலுத்துவிட்டது. இருந்தாலும் அவர் கண்ணைப் பார்த்தால் முடியாது என்று சொல்ல வராது. நாற்பத்தொரு வயது மனிதர், மாதத்தில் ஒரு நாளுக்காக மீதி நாள் முழுவதும் காத்திருக்கிறார். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

அந்த மாதம் டீச்சர் வந்தபோது நானும் கடையில் இருந்தேன். ஒரு மாத்திரை மட்டும் இருப்பில் இல்லை. வெள்ளிக்கிழமை வந்துவிடும் என்றார் நம்மவர்.

"வெள்ளிக்கெழம எப்புடியாச்சும் வாறேங்க. ஞாயித்துக்கெழம முடியாது. கண்டியில இருந்து வீட்டுக்கு ஆளுங்க வாறாங்க, என்னப் பாக்க" என்றார் டீச்சர், மருந்தை எண்ணியபடியே.

நம்மவர் வாயிலிருந்து, தொழில் பழக்கத்தில், வந்த சொல் இது: "மாப்பிள்ளைக்குச் சுகர் இருக்கான்னு கேட்டீங்களா?"

டீச்சர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "நீங்க கேக்க வேண்டியது அதுதானா?" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணே என்று சொல்லவில்லை. அந்த வேதனையிலும் நம்மவர் அதைக் கவனித்திருந்தார்.

"வெள்ளிக்கெழம கேட்டுறணும் தம்பி. பேக்கக் குடுத்துட்டுக் கேட்டுறணும்."

"பேக் எங்கண்ணே?"

வியாழன் சாயங்காலம் நான் போனபோது நல்ல தோல் கவுண்டரில் விரித்துக் கிடந்தது. மேலே மட்டை மாதிரி. கத்தி தீட்டி முடிந்திருந்தது. அவர் கத்தியைத் தோலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார், அப்படியே நின்றார். கடைசியில் கத்தியை வைத்துவிட்டு, "இன்னொரு தடவ துண்டுத் தோல்ல பாத்துர்றேன்" என்றார். எனக்கு அழுவதா, அந்தக் கத்தியை வாங்கி நானே வெட்டுவதா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டு நேரத்தில் கந்தோரிலிருந்து ஓடினேன். என் பிரஷர் மாத்திரையும் அன்றைக்குத்தான் முடிந்திருந்தது. நம்மவர் தடித்த கண்ணாடியோடு துண்டுத் தோலில் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், அதாவது கைக்கு எட்டும் தூரத்துக்கு நான் வந்ததும், என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நில்லுங்க. இதான் கடைசித் தடவ."

"அண்ணே, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க." எனக்குப் பின்னால் யாரோ வரிசையில் சேர்வது காதில் விழுந்தது. ஒரு பிள்ளை இருமியது.

"நிக்கட்டும். நீங்கதான் டீச்சர்." தொண்டையைச் செருமிக்கொண்டார். "டீச்சர், எனக்குப் பேசத் தெரியாது. மருந்து குடுக்கத்தான் தெரியும். ஒங்க அம்மாவுக்குக் காலையில ரெண்டு, ராத்திரி ஒண்ணு. அத நானே கையில குடுத்து, தண்ணியும் குடுத்து, அவங்க முழுங்குற வரைக்கும் பாத்துக்கிட்டு, ஒங்க வீட்டுலயே இருந்துர்றேன். ஒவ்வொரு நாளும். மாசத்துக்கு ஒரு தடவ ஒங்களப் பாக்கிறது எனக்குப் பத்தல. ஒங்களுக்குச் சம்மதமா?"

முதல் தடவையாக அவர் பேச்சு நிஜமாகவே நல்லா இருந்தது. என் பின்னாலிருந்து திரீவீல்காரர் ஒருவர் பொறுமை இழந்து, "சம்மதம்னு சொல்லுங்க சேர், எனக்கு ஹயர் ஒண்ணு காத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

"சம்மதம்" என்றேன். "நூறு தடவ சம்மதம். இப்ப மாத்திரையக் குடுங்க."

அப்போது வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "துண்டுத் தோல்ல சரியா வந்துருச்சே. இனி நல்ல தோல்ல கேளுங்க."

திரும்பினேன். திரீவீல்காரருக்கும் இருமுகிற பிள்ளையின் தாய்க்கும் நடுவில், முடிச்சுப் போட்ட பேக்கோடு, டீச்சர் நிற்கிறார்.

நம்மவர் தடித்த கண்ணாடியைக் கழற்றினார். சாதாரணக் கண்ணாடியை மாட்டினார். பார்த்தார். திடீரென்று கவுண்டருக்குக் கீழே போய்விட்டார், மயங்கி விழுந்துவிட்டார் என்றே நினைத்தேன். எழுந்தபோது கையில் நல்ல தோல். சாரத்தை உதறினார், தோலை விரித்தார், கத்தியை எடுத்தார், மாதிரி இல்லாமல், கோடு போடாமல், நட்டநடுவில் வைத்து இழுத்தார்.

"அண்ணே, ஸ்கேல்!" என்று கத்தினேன். "அண்ணே, முதுகுப் பக்கம்! அண்ணே, மெதுவா மூணு தடவ!"

அவர் காதில் விழவில்லை. ஒரே இழுப்பில் ஒரு வார் வந்தது. பாம்பு போனது மாதிரி வளைந்து, ஒரு முனை அகலம், ஒரு முனை ஒல்லி. ஐந்து வருடம் போயாவுக்குப் போயா துடைத்து வைத்த தோலின் வயிற்றில் அதே வளைவில் ஒரு பிளவு. டீச்சரின் பேக்குக்காகக் கையை நீட்டினார். டீச்சர் கொடுத்தார். பழைய வாரின் முடிச்சை அவிழ்த்து, புது வாரை வளையத்தில் கோத்து, ஊசி இரண்டையும் எடுத்து அங்கேயே தைத்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இருமுகிற பிள்ளைகூட நிறுத்திவிட்டுப் பார்த்தது. கடைசி ஓட்டைக்கு வரும்போது நூல் முடிந்துவிட்டது.

"நாலு மடங்கு எடுக்கலயா?" என்று கேட்டார் டீச்சர். அவருடைய அம்மாவின் மருந்து உறை ஒன்றிலும் அது எழுதப்பட்டுப் போயிருக்க வேண்டும்.

"மறந்துட்டேன்" என்றார் நம்மவர். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அன்றுதான். பிறகு, மெதுவாக, "சம்மதமா?" என்றார்.

டீச்சர் பேக்கைத் தோளில் மாட்டினார். வார் ஒருபக்கம் சாய்ந்து தொங்கியது. அதைக் கையால் ஒருதடவை தடவிப் பார்த்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. கண்டி ஆளுங்கள வர வேணாம்னு சொல்லீர்றேன். ஞாயித்துக்கெழம நீங்க வாங்க, அம்மாவோட மாத்திரையையும் எடுத்துக்கிட்டு."

மாத்திரை வாங்க வந்தவர் மாத்திரை வாங்காமலே போனார். திரீவீல்காரர் ஹயரை மறந்து கைதட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதில் பாதி அந்தத் தோலுக்காக.

ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். டீச்சர் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டியதும் எனக்கு அந்தப் பழைய பெண் பார்த்த கதை ஞாபகம் வந்தது. நம்மவர் வாங்கினார், ஒரே மூச்சில் குடித்தார், நாக்கு வெந்துபோய், அதற்குப் பிறகு அம்மா கேட்ட எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார். நல்ல அடக்கமான பிள்ளை என்று அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் நாவுலப் பக்கமே போய்விட்டார். போகும்போது அந்த நல்ல தோலை எனக்குத் தந்தார். நடுவில் வளைந்த பிளவோடு அது இப்போது எங்கள் அலுமாரியில், அதே சாரத்தில் சுற்றிக் கிடக்கிறது. போயாவுக்குப் போயா எடுத்துத் துடைக்கிறேன். எப்போது வெட்டப் போகிறீர்கள் என்று மனைவி கேட்கிறாள். துண்டுத் தோலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கல்யாண நாள்தான். பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பழக்க தோஷத்தில் முள்ளுக்கரண்டியைப் பெல்ட்டில் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலையும் கழுத்துமாக வந்தவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், டீச்சரின் மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர்கள் என்று இருபது பேருக்கு நடுவில் நிறுத்தினார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நம்மவர் என் தோளில் கை போட்டு, மிகவும் மரியாதையாக, என்னை அறிமுகம் செய்து வைத்தார்.

"இவருகிட்டத்தான் மாமா மொதல்ல கேட்டேன். சம்மதம்னு சொன்னாரு."